வீவக வீட்டில் நிலைவாசல்: கதவு, கேட், மஞ்சள், தோரணம், கோலம் எப்படி?

தெங்கா_வாசன்

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டித் தரும் பிடிஓ வீட்டுக்கு, அதாவது முன்பதிவு செய்து வாங்கும் புது வீட்டுக்கு, அடுத்த மாதம் சாவி கைக்கு வருகிறது. நாலறை வீடு. கதவை ஒட்டினாற்போலவே படிக்கட்டு. ரெனோவேஷனில் எதை விட்டாலும் வாசலை விடக்கூடாது என்பதில் வீட்டில் எல்லாருக்கும் ஒரே கருத்துதான், ஆனால் வாசல் என்று ஆளுக்கு ஒன்றைச் சொல்கிறார்கள். அப்பாவுக்கு நிலைக்கு மஞ்சள் குங்குமம் வைத்து முறையாகப் பூஜை போட வேண்டும். அம்மாவுக்குக் கோலமும் கார்த்திகை விளக்கும். மனைவிக்குச் செட்டிநாட்டு வீடுகளில் இருப்பதுபோல் செதுக்கிய தேக்குக் கதவு, மேலே கஜலட்சுமி. எனக்கு, காரிடாரில் ஒரே அச்சில் நிற்கும் கதவுகளுக்கு நடுவில் இது நம் வீடு என்று மின்தூக்கியிலிருந்து வெளியே வந்ததும் தெரிந்தால் போதும்.

வீவக கொடுப்பது லேமினேட் ஒட்டிய மரக்கதவும் இரும்பு கேட்டும். நிலை முழுக்க இரும்பு, கீழ்ப்படி என்று ஒன்றும் இல்லை. தேக்குக் கதவு போட முடியுமா? இரும்பு நிலையில் மஞ்சள் நிற்குமா? காரிடாரில் கோலம் போட்டால், பொது இடங்களைப் பராமரிக்கும் நகர மன்றம் ஏதாவது சொல்லுமா? விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விவரமாகச் சொன்னால் நன்றாக இருக்கும். அளவு, பொருள் பெயர் எல்லாம் இருந்தால் கான்ட்ராக்டரிடம் பேச வசதி.

மரவேலை_மணி

தம்பி, சாவி வாங்கிய அன்றைக்கே கதவைத் திறந்து கீல் பக்க விளிம்பைப் பாருங்கள். அங்கே சின்னத் தகடோ ஸ்டிக்கரோ இருந்து அதில் அரை மணி நேரம் என்று போட்டிருந்தால் அது தீத்தடுப்புக் கதவு. படிக்கட்டுக்குப் பக்கத்து வீடு என்கிறீர்கள், அநேகமாக அப்படித்தான் இருக்கும். வீடு தீப்பிடித்தால் மற்றவர்கள் இறங்கி ஓடும் வழியில் புகை போகாமல் அரை மணி நேரம் தாக்குப்பிடிக்க வேண்டும் என்பதற்காக அது. விளிம்பைச் சுற்றி ஒரு பட்டை ஓடும், சூடு ஏறினால் அது உப்பி இடுக்கை அடைத்துக்கொள்ளும். அந்தப் பட்டைக்கு மேல் பெயின்ட் அடிக்கக் கூடாது, உரிக்கக் கூடாது. தானாக மூடிக்கொள்ளும் கீலோ க்ளோசரோ இருந்தால் அதையும் கழற்றக் கூடாது. பலர் முதல் வேலையாக அதைத்தான் கழற்றுகிறார்கள், கதவு கனமாக இருக்கிறதாம்.

அப்படிப்பட்ட கதவுக்குப் பதிலாக நீங்கள் போடுவதும் சான்றிதழ் உள்ள அரை மணி நேரக் கதவாகவே இருக்க வேண்டும். காரைக்குடியிலிருந்து இறக்கிய பழைய கதவுக்கு அந்தச் சான்றிதழ் கிடைக்காது. ‘மேலே செதுக்குப் பலகை ஒட்டித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சோதனை நடந்தது கதவு முதலில் இருந்தபடியே வைத்துத்தான். திருகாணி இறக்கி, தடிமன் கூட்டி, எடை ஏற்றிவிட்டால் அந்தச் சான்று வெறும் காகிதம். வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய தீத்தடுப்புக் கதவு தேக்கு நிறத்திலேயே விற்கிறது. அதை வாங்கும்போது ‘இந்த வெனீரோடுதான் சான்று வாங்கியிருக்கிறீர்களா’ என்று கேட்டு, தகட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

தகடே இல்லாத சாதாரணக் கதவு என்றால் கொஞ்சம் சுதந்திரம் உண்டு. அப்போதும் வீவக பட்டியலில் உள்ள கான்ட்ராக்டரைப் பிடித்து, அனுமதி வேண்டுமா என்று அவர் மூலமாகவே கேட்டுவிடுங்கள். வழக்கமான அளவு 3 அடிக்கு 7 அடி. ஒன்றரை அங்குலத் தடிமனில் முழுத் தேக்கு என்றால் எடை ஐம்பது கிலோவை நெருங்கும், மூன்று கீல் போதாது, நாலு கேளுங்கள். செதுக்கிய நடுப்பலகைகளைச் சட்டத்தின் காடியில் சும்மா செருகியிருக்க வேண்டும், பசை போட்டு இறுக்கியிருக்கக் கூடாது. நம் ஊர் ஈரப்பதத்தில் பலகை பருமன் கூடும், அதற்கு நகர இடம் இல்லை என்றால் சட்டத்தையே பிளந்துவிடும். மழைக்காலத்தில் கதவு பூட்டுப் பக்கம் உரசுகிறது என்று வரும் புகார்களில் பாதி இதனால்தான்.

இரும்பு நிலையைப் பெயர்த்து மர நிலை வைக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். புது வீட்டில் நல்ல நிலையை இடிப்பது எனக்கு உடன்பாடில்லை. கான்கிரீட்டோடு சேர்த்து வார்த்தது, பெயர்த்தால் தரை டைல்ஸ், பக்கத்துச் சுவர்ப் பூச்சு எல்லாம் சேர்ந்து வரும். அந்தக் காசில் கேட்டை மாற்றுங்கள். காரிடாரில் நடந்து வருகிறவர் கண்ணில் முதலில் படுவது கேட்தான், கதவு அதற்குப் பின்னால் நிழலில் நிற்கிறது. உங்கள் ஆசைக்கும் அதுவே சரியான இடம்.

லேசர் கட்டிங்கில் சிக்குக் கோலம் போட்ட கேட் இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. கோலத்தின் கோட்டையே வெட்டி எடுத்தால், கோட்டுக்குள் அடைபட்ட துண்டுகள் பிடிமானம் இல்லாமல் கீழே விழுந்துவிடும். கோடு இரும்பாக நின்று சுற்றியுள்ள இடம் வெட்டுப்பட்டால் கோலம் நிற்கும், ஆனால் புள்ளிகள் விழுந்துவிடும். இரண்டாவது முறையைக் கேளுங்கள். புள்ளி கட்டாயம் வேண்டும் என்றால் ஒவ்வொன்றையும் கோட்டோடு இணைக்க ஐந்தாறு மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பாலம் விடச் சொல்லுங்கள். வெட்டுவதற்கு முன் வரைபடத்தை வாங்கிப் பார்த்து, தனியாக மிதக்கும் துண்டு ஏதாவது இருக்கிறதா என்று விரலால் தொடர்ந்து பாருங்கள். பூட்டைச் சுற்றி ஒரு சாண் அளவுக்குத் துளையில்லாத தகடு வேண்டும். இல்லாவிட்டால் வெளியிலிருந்து கைவிட்டுத் தாழ்ப்பாளைத் தொட்டுவிடலாம்.

கஜலட்சுமிக்கு: கதவுக்கு உள்பக்கம், நிலைக்கு மேலே உள்ள சுவரில் 36 அங்குல நீளம், 6 அங்குல உயரத்தில் ஒரு தேக்குப் பலகை. 6 மில்லிமீட்டர் துளை, பிளாஸ்டிக் பிளக், மூன்று திருகாணி. துளை போடுவதற்கு முன் அந்தச் சுவர் பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையின்) சுவரா என்று வரைபடத்தில் பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் ஷெல்டர் வாசலுக்குப் பக்கத்திலேயே வரும், அதன் சுவருக்குக் குடிமைத் தற்காப்புப் படையின் விதிகள் தனி.

மீனாட்சி_உட்லண்ட்ஸ்

மணி அண்ணன் கதவைச் சொல்லிவிட்டார், நான் நிலைக்கு வருகிறேன். வாசன், உங்கள் அப்பா கேட்பதும் கதவை அல்ல. கதவு வரும் போகும், லட்சுமி தங்குவது நிலையில் என்பதுதான் வழக்கம். ஊரில் வீடு கட்டும்போது நிலை வைப்பதற்கே நாள் பார்த்து, அடியில் நவதானியமும் காசும் போட்டு நிறுத்துவார்கள். இங்கே நிலை முன்னமே நின்றுவிட்டது. அதனால் நவதானியத்தையும் ஒரு காசையும் மஞ்சள் துணியில் முடிந்து, உள்பக்கம் மேலே கட்டிவிடுவார்கள். தானியத்தை இரண்டு நாள் வெயிலில் நன்றாகக் காயவைத்துவிட்டு முடியுங்கள். அப்படியே கட்டினால் வண்டு வைத்து, கதவைத் திறக்கும்போதெல்லாம் தலையில் மாவு கொட்டும். வருஷத்துக்கு ஒருமுறை ஆயுத பூஜையன்று மாற்றிவிடலாம்.

இரும்பு நிலையில் மஞ்சள் நிற்குமா என்றால், வெறும் தண்ணீரில் குழைத்த மஞ்சள் நிற்காது. பெயின்ட் வழவழப்பு, காய்ந்ததும் செதில் செதிலாக உதிரும். இரண்டு டீஸ்பூன் மஞ்சள்தூள், அரை டீஸ்பூன் சந்தனத்தூள், கால் டீஸ்பூன் அரிசி மாவு. பன்னீரோ தண்ணீரோ சொட்டுச் சொட்டாக விட்டு, தோசை மாவைவிடக் கெட்டியாகக் குழைத்துக்கொள்ளுங்கள். நிலையை ஈரத்துணியால் துடைத்து, பிறகு காய்ந்த துணியால் ஒற்றி எடுத்துவிட வேண்டும். விரல் எண்ணெய் இருந்தால் பிடிக்காது. மெல்லிசாக ஒரு பூச்சு, பத்து நிமிஷம் கழித்து அதன்மேல் இன்னொன்று. குங்குமத்தை மஞ்சள் முழுதாகக் காய்வதற்குள் வைத்துவிடுங்கள், அப்போதுதான் ஒட்டும்.

லேமினேட் கதவில் நேராக மஞ்சள் வைக்காதீர்கள். மரரேகை மாதிரி அச்சிட்டிருக்கும் பள்ளங்களில் போய் உட்கார்ந்துவிட்டால் எடுக்கவே முடியாது. வெள்ளை நிலையில் கறை பட்டுவிட்டால் சோப்புப் போட வேண்டாம். சோப்பில் காரம் உண்டு, மஞ்சளோடு சேர்ந்தால் சிவந்துவிடும். சுண்ணாம்பும் மஞ்சளும் சேர்ந்து குங்குமம் ஆகிறதே, அதே கதைதான். மஞ்சளின் நிறம் தண்ணீரில் கரையாது, சாராயத்தில் கரையும். கை சுத்தம் செய்யும் சானிடைசரைத் துணியில் நனைத்து ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம், முதலில் கண்ணில் படாத மூலையில் சோதித்துக்கொள்ளுங்கள். மிச்சம் இருப்பதை வெயில் பார்த்துக்கொள்ளும், வெளிச்சம் பட்டால் மஞ்சள் தானாக வெளுக்கும்.

நிலையின் அடிப்பாகத்தில் மட்டும் கவனம். வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாப் போட்டுத் துடைத்துக்கொண்டே இருந்தால் இரும்பு நிலை கீழிருந்து துரு ஏறும். பழைய பிளாக்குகளில் நிலையின் கால்கள் அரித்துப்போய் நிற்பதைப் பார்க்கலாம். துடைத்த கையோடு காய்ந்த துணி ஒன்று போட்டுவிட வேண்டும்.

கீழ்ப்படி இல்லாத குறைக்குப் பித்தளைப் பட்டை போடலாம். 2 மில்லிமீட்டர் கனம், 50 மில்லிமீட்டர் அகலம், நீளம் நிலையின் உள்ளளவு. கதவுக்கும் தரைக்கும் இடையே இடைவெளி போதுமா என்று பார்க்க, இரண்டு ஒரு வெள்ளி நாணயத்தை அடுக்கிக் கதவுக்கு அடியில் தள்ளிப் பாருங்கள், தடையில்லாமல் நகர்ந்தால் பட்டை போடலாம். தரையில் துளை வேண்டாம், டைல்ஸுக்கான பசையே போதும், ஒரு ராத்திரி கனம் வைத்து அழுத்திவிடுங்கள். கிரானைட்டில் உயரமாகப் படி கட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பிடிக்காது. சக்கர நாற்காலி, தள்ளுவண்டி எதுவும் ஏறாது, வயதானவர்கள் கால் இடறும். பட்டையென்றால் இடறாது, புளி போட்டுத் தேய்த்தால் பளபளக்கும், மஞ்சள் குங்குமம் வைக்கவும் இடமாயிற்று.

படியில் நின்று கொடுக்கல் வாங்கல் கூடாது என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். இந்தக் காலத்தில் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளையை உள்ளே வா என்றும் சொல்ல முடியாது, கேட் கம்பிக்கு நடுவில்தான் பொட்டலம் மாறுகிறது. கேட்டுக்கு வெளியே ஒரு கொக்கி மாட்டிவிடுங்கள், அவர் மாட்டிவிட்டுப் போவார், நீங்கள் எடுத்துக்கொள்வீர்கள், சாத்திரமும் தப்பித்தது.

மாடி9_கண்ணன்

காரிடார் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். கேட்டுக்கு உள்ளே உங்கள் வீடு, வெளியே பொது இடம். வாசலைப் பற்றிய முடிவுகளில் பாதியை இந்த ஒரு கோடே எடுத்துவிடும்.

பொதுத் தாழ்வாரத்தில் எப்போதும் 1.2 மீட்டர் அகலத்துக்கு வழி விட்டிருக்க வேண்டும். டேப் எடுத்துக் காரிடாரின் மொத்த அகலத்தை அளந்து அதில் 1.2 கழியுங்கள். 1.5 மீட்டர் காரிடார் என்றால் செருப்பு அலமாரி, செடி, வாழைமரம், எதுவாக இருந்தாலும் 30 சென்டிமீட்டருக்குள். கேட் வழக்கமாக வெளிப்பக்கம் திறக்கும், கதவு உட்பக்கம். அதனால் அலமாரியைக் கேட்டின் கீல் பக்கம் வைத்தால் கேட் முழுதாகத் திறக்காது, பூட்டுப் பக்கம் வையுங்கள். மின்கம்பி அலமாரிக்கு முன்னால் எதுவும் வேண்டாம்.

கோலத்துக்கு: மாவுக் கோலம், சாக்கட்டி இவற்றை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை, கழுவினால் போய்விடும். பெயின்ட் கோலம் வேறு விஷயம், தரை உங்களுடையது இல்லை, நகர மன்றத்திடம் கேட்காமல் செய்யக் கூடாது. கலர்ப்பொடியும் சிமெண்ட் தரையில் ஊறிக் கறை விடும், சிவப்பும் ஊதாவும் மோசம். அடியில் ஒரு சுற்று வெறும் அரிசி மாவைத் தூவி, அதன்மேல் கலர் போட்டால் கறை குறையும். பிளாக் கழுவும் தேதியை மின்தூக்கிப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவார்கள், பொங்கலுக்குப் பெரிய கோலம் போடுவதென்றால் பார்த்துக்கொள்ளுங்கள். துப்புரவு செய்பவருக்கு நம் பண்டிகை தெரிந்திருக்க வேண்டும் என்றில்லை, முதல் நாளே ஒரு வார்த்தை சொல்லிவைத்தால் தாண்டிப் போய்விடுவார்.

மார்கழி, தை மாதங்கள் இங்கே வடகிழக்குப் பருவமழை. சாரல் அடிக்கும் காரிடாரில் ஈரத் தரையும் மாவும் சேர்ந்தால் வழுக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டி விழுந்துவைத்தால் கோலத்தின் மங்களம் எல்லாம் போயிற்று. கறுப்பு மேட் டைல் ஒன்று, 60க்கு 60 சென்டிமீட்டர், கிட்டத்தட்ட எட்டு கிலோ இருக்கும். நாலு மூலையிலும் ரப்பர் ஒட்டி, கேட்டுக்கு உள்பக்கம் நிலையை ஒட்டிப் போட்டுக்கொண்டு அதில் கோலம் இடலாம். ஏழு புள்ளி ஏழு வரிசை வைத்து, புள்ளிக்குப் புள்ளி 7 சென்டிமீட்டர் விட்டால் சுற்று வளைவுகளோடு அழகாக அடங்கும். கடையில் வாங்கும் அரிசி மாவு ரொம்ப நைசு, நம் ஈரக்காற்றில் விரலிடுக்கில் கட்டிக்கொள்ளும். வெறும் வாணலியில் ஐந்து நிமிஷம் வறுத்து ஆறவைத்துச் சலித்தால் இழை விடாமல் இறங்கும்.

விளக்கு விஷயத்தில்தான் நான் கறார். கேட்டுக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள அந்தச் சின்ன இடுக்கில் அகல் வைக்கவே கூடாது. கதவு மூடியிருந்தால் லேமினேட் கருகும், உரியும், மெலமைன் நாற்றம் வீடு முழுக்க. கதவைத் திறந்து வைத்து, நிலைக்கு உட்பக்கம் தரையில் இரண்டு ஓரத்திலும், தண்ணீர் ஊற்றிய தட்டில் அகல். சின்ன அகலில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டால், திரி மெல்லிசாக இருந்தால் ஏறத்தாழ ஒரு மணி நேரம் எரியும். அதற்கு மேல் ஊற்றாதீர்கள், கார்த்திகைக்கு ஒரு மணி நேரம் போதும், அந்த ஒரு மணி நேரமும் ஒரு ஆள் ஹாலில் இருக்க வேண்டும். செருப்பு அலமாரி, காய்ந்த தோரணம், திரைச்சீலை மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கக் கூடாது.

அக்கம்பக்கம்: எதிர் வீடு சீனர் என்றால் கதவருகே சுவரில் தெய்வ மாடம் இருக்கலாம். நம் வீட்டுத் திருஷ்டிக் கண்ணாடியை நேராக அவர்கள் கதவைப் பார்த்து மாட்டினால் மனஸ்தாபம் வரும், நாம் திருஷ்டியை அவர்கள் மேல் தள்ளிவிடுகிறோம் என்று அர்த்தம் ஆகிறது. உட்பக்கம் மாட்டுங்கள். பூசணிக்காயும் அப்படித்தான். காரிடாரில் உடைப்பது என்ற பேச்சே வேண்டாம். கெட்டியான பிளாஸ்டிக் பைக்குள் வைத்து உடைத்து, முடிச்சுப் போட்டு அப்படியே குப்பைக்கு அனுப்புங்கள்.

தெங்கா_வாசன்

மூன்று பேருக்கும் நன்றி. தேக்குக் கதவை மனைவி விட்டுக்கொடுத்துவிட்டார், லேசர் கேட்டில் சிக்குக் கோலம் என்று முடிவு. இன்னும் மூன்று சந்தேகம். கேட் கடைக்காரர் ‘அலுமினியம் போடுங்கள், துருவே பிடிக்காது’ என்கிறார். தோரணத்துக்கு நிலையில் ஆணி அடிக்க முடியாதே, என்ன செய்வது? இன்னொன்று, ஃபோனில் திசை பார்த்தால் ஒருநாள் கிழக்கு, ஒருநாள் தென்கிழக்கு என்று காட்டுகிறது. மாமனார் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

புவனா_பொங்கோல்

தோரணத்துக்குக் காந்தக் கொக்கிதான். நிலை இரும்பு என்பதால் நமக்குச் சாதகம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, பெரும்பாலான எவர்சில்வரிலும் ஒட்டாது, அதனால் கேட் எதில் போட்டாலும் கொக்கியை நிலையிலேயே மாட்டுங்கள். மாட்டும் இடம் முக்கியம். பெட்டியில் பத்து கிலோ தாங்கும் என்று போட்டிருப்பது நேராகக் கீழே இழுத்தால்தான். நிலையின் முகப்பில் பக்கவாட்டாக மாட்டினால் அதில் ஒரு சிறு பகுதியைத்தான் தாங்கும், மீறினால் வழுக்கி இறங்கும். மேல்நிலையின் அடிப்பகுதியில், கதவு மூடும்போது இடிக்காத விளிம்பில் மாட்டுங்கள். பெயின்டில் கீறல் விழாமல் இருக்க நடுவில் மெல்லிய ரப்பர் வைக்கலாம், பிடி கொஞ்சம் குறையும்.

மூன்றடி வாசலுக்கு 11 மாவிலை கணக்கு. மூன்று அங்குலத்துக்கு ஒன்று, இரண்டு பக்கமும் மூன்று அங்குலம் மிச்சம். கயிறு நாலரை அடி வெட்டுங்கள், நடுவில் தொய்வும் இரண்டு முனையில் முடிச்சும் போக அதுதான் சரியாக வரும். இலையின் காம்புப் பக்கத்தைக் கயிற்றின்மேல் மடித்து ஈர்க்குச்சியால் குத்துவதுதான் முறை. ஸ்டேப்ளர் வேகம், ஆனால் மழை ஈரத்தில் பின் துருப்பிடித்து வெள்ளை நிலையில் பழுப்பாக ஒழுகும். துளிர் இலை இரண்டே நாளில் சுருளும், முற்றிய கரும்பச்சை இலையாகப் பொறுக்குங்கள். லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு, கேம்பல் லேன் பக்கம் கட்டாகக் கிடைக்கும். பிளாக்குக்குக் கீழே மாமரம் நிற்கிறதே என்று கை வைக்காதீர்கள், பொது இடத்து மரம். நாலைந்து நாளில் இலை காய்ந்ததும் இறக்கிவிடுங்கள். அடுத்த பண்டிகை வரை சருகாகத் தொங்குவதற்குப் பிளாஸ்டிக் தோரணமே மேல், இதைச் சொன்னால் என் மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

கிரகப்பிரவேசத்துக்கு வாழைமரம் கட்டுவதாக இருந்தால் ஐந்தடிக்குள் சொல்லி வாங்குங்கள், மின்தூக்கிக்குள் சாய்க்காமல் நிற்க வேண்டும். வெட்டிய அடியைச் செய்தித்தாள் சுற்றி, பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டுங்கள். வாழைச்சாறு தரையில் பட்டால் கறுத்த கறை, சாகும்வரை போகாது. கேட்டின் கம்பியோடு மேலே ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு கட்டு. விசேஷம் முடிந்த அன்று இரவே இறக்கிவிடுங்கள்.

சரவிளக்கு போட்டால் கேட்டுக்கும் நிலைக்கும் நடுவில் வயர் நசுங்கும், ஒருநாள் இல்லை ஒருநாள் உறை கிழியும். பேட்டரியில் எரியும் எல்இடி சரம் போதும். பிளக் வைத்தது என்றால் அடாப்டரில் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

அல்ஜுனிட்_சேகர்

திசைக்கு: இரும்பு கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு ஃபோனைப் பிடித்தால் அது கேட்டைத்தான் காட்டும், வடக்கைக் காட்டாது. ஃபோனின் காந்த உறையைக் கழற்றுங்கள், அதிலும் காந்தம் உண்டு. தளத்துக் கான்கிரீட்டுக்குள்ளும் கம்பி ஓடுகிறது, அதனால் தரையில் வைக்காமல் நெஞ்சு உயரத்தில் பிடித்து, காரிடாரில் இரண்டு மூன்று மீட்டர் இடைவெளியில் நாலு இடத்தில் பாருங்கள். நாலும் ஒத்துவந்தால் சரி. இதைவிடச் சுலபம், வரைபடம். வீவக கொடுக்கும் மனைப் படத்தில் வடக்கு அம்புக்குறி இருக்கும், உங்கள் யூனிட்டைக் கண்டுபிடித்துப் பாகைமானி வைத்து அளங்கள். கேட் இரும்பு குழப்பிவிட்டதோ என்ற சந்தேகமே வராது.

உள்ளே நின்று வெளியே பார்க்கும்போது முகம் எந்தத் திசையோ அதுதான் வாசல் திசை. பால்கனி திசை, ஹால் சன்னல் திசை என்று சிலர் குழப்புவார்கள். என்னைக் கேட்டால் சாவி வாங்கிய பிறகு திசை பார்ப்பதில் பயன் குறைவு, அடுக்குமாடியைத் திருப்பி வைக்க முடியாது. மாமனாருக்குப் பதில் சொல்ல வேண்டுமே என்பதற்காகத்தான் இவ்வளவும்.

மீனாட்சி_உட்லண்ட்ஸ்

சேகர் சொல்வதில் பாதிதான் ஒத்துக்கொள்வேன். திருப்பி வைக்க முடியாது, சரி. ஆனால் திசை தெரிந்தால் விளக்கு முகம், பூஜை மாடம், பால் காய்ச்சும் அடுப்பு எல்லாம் எங்கே என்று முடிவு பண்ணலாம். பெரியவர்களுக்கு அது வேண்டியிருக்கிறது.

ஒன்று விட்டுப்போயிற்று. துக்க வீட்டில் கோலம் போட மாட்டோம், தோரணமும் இருக்காது. டைல் கோலமோ ஒட்டுக் கோலமோ வைத்திருப்பவர்கள் அன்றைக்கு அதை எடுத்து வைக்க மறந்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரை நிரந்தரமாகத் தரையில் ஒட்டாமல், எடுக்கக்கூடிய பலகையில் ஒட்டுவது இதற்காகவும்தான். வாசலைப் பார்த்துத்தான் அக்கம்பக்கம் விசாரிக்க வருவார்கள்.

மரவேலை_மணி

அலுமினியமா இரும்பா என்றதற்கு: சாரல் நேராக அடிக்கும் கடைசி வீடு என்றால் அலுமினியம். மற்றபடி பவுடர் கோட்டிங் போட்ட இரும்பு போதும், லேசர் கோலம் அதில் விறைப்பாக நிற்கும். வெட்டிய விளிம்பில்தான் துரு தொடங்கும், அதனால் வெட்டிய பிறகு கோட்டிங் போட்டார்களா என்று மட்டும் கேளுங்கள். ஏற்கெனவே கோட்டிங் போட்ட தகட்டை வெட்டிக் கொடுத்தால் வாங்காதீர்கள்.

வேலை வரிசை: முதலில் கேட், பிறகு டிஜிட்டல் பூட்டு, பிறகு கஜலட்சுமிப் பலகை, தரையெல்லாம் பாலிஷ் முடிந்த பின் கடைசியில் பித்தளைப் பட்டை. துளை, தட்டல் வேலை எல்லாம் திங்கள் முதல் சனி வரை, ஞாயிறும் பொது விடுமுறையும் கிடையாது. இடிப்பது போன்ற பெரிய சத்த வேலை என்றால் வார நாளில் காலை 9 முதல் மாலை 5 வரைதான், சனியும் இல்லை. அதனால் கிரகப்பிரவேச நாளை, வேலை செய்பவர்கள் முடித்துத் தரும் தேதிக்குப் பின்னால் குறியுங்கள்.

தீத்தடுப்புக் கதவில் டிஜிட்டல் பூட்டு போட்டால் பூட்டுக்கும் தீத்தடுப்புச் சான்று வேண்டும், துளையைப் பூட்டுக் கடைக்காரரே போட வேண்டும். பூஜையன்று பூட்டுக்கும் மஞ்சள் குங்குமம் வைப்பார்கள். விரல்ரேகைக் கண்ணாடி மேலும் சாவித்துளையிலும் படாமல் மேல் ஓரத்தில் வைக்கச் சொல்லுங்கள். பொடி உள்ளே போனால் விரலை அடையாளம் காணாது. பேட்டரி தீர்ந்து வெளியே நிற்க நேர்ந்தால், பல மாடல்களில் வெளிப்பக்கம் கீழே இரண்டு சின்ன முனைகள் இருக்கும், 9 வோல்ட் பேட்டரியை அதில் தொட்டுப் பிடித்தபடி எண்ணை அழுத்தினால் திறக்கும். அந்தப் பேட்டரியை வீட்டுக்குள் வைக்காமல் கைப்பையில் வைத்திருங்கள்.